பீரோவில் பூட்டிய காது மெஷின்

முனிலட்சுமிக்கு எதையும் மறைக்கத் தெரியாது. பிடிக்காததைக் கண்டால் மூக்கு சுருங்கும், உதடு கோணும். ஓசூர் சிப்காட் ஃபேக்டரியில் ரப்பர் வாஷர்களைத் தரம் பிரிப்பது அவள் வேலை. நாள் முழுக்கக் கழிசலைச் சிவப்புத் தட்டில் தள்ளித் தள்ளி முகமே அப்படி ஆகிவிட்டது என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

அப்படிப்பட்டவள், பெற்ற மகள் விஷயத்தில் ஏழு வருஷம் ஏமாந்து போனாள். நாகவேணிக்குப் பேச்சு வரவில்லை. அதற்கு ஊரே காரணம் வைத்திருந்தது. வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ். பிள்ளை குழம்பிக் கிடக்கிறாள், தெளிந்ததும் மூன்றையும் சேர்த்துக் கொட்டுவாள் என்றார்கள். உத்தனப்பள்ளிப் பக்கம் இது எல்லாரும் நம்புகிற சமாதானம்தான்.

முனிலட்சுமியின் புருஷன் கங்கப்பனுக்குக் குன்றுக்கு அந்தப் பக்கம் கல் குவாரியில் வேலை. சாயங்காலம் அங்கே வெடி வைத்தால் ஊர்ப் பிள்ளைகள் அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடும். நாகவேணி மட்டும் தலை நிமிராமல் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருப்பாள். "எம்பொண்ணு சிங்கம்டா" என்று கங்கப்பன் மீசையைத் தடவுவான். பெட்டிக்கடை மாரம்மா அந்தச் சிங்கத்துக்குச் சும்மாவே மிட்டாய் தருவாள்.

சர்ச் சார்பில் பிள்ளைகளைக் கவனிக்க ஊர் ஊராக வரும் அன்னமேரி ஒருநாள் நாகவேணியின் பின்னால் நின்று தட்டை ஓங்கித் தட்டினாள். குழந்தை திரும்பவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினாள்.

"முனிலட்சுமி, இது தைரியமில்ல. புள்ளைக்குக் காது கேக்கல."

முனிலட்சுமியின் உதடு கோணியது. இத்தனை வருஷம் ஊர் கொண்டாடியது இதையா? கூட நின்று அவளும் சிரித்தாளே.

அந்த ஜூன் மாதம் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். ஹெட்மாஸ்டர் நாராயணப்பன் பீரோ சாவியைக் காதுக்குள் விட்டுக் குடைந்தபடியே பேசினார்.

"முதல்ல பேச்சு வரட்டும்மா, அப்புறம் பள்ளிக்கூடம். ஊமைய உக்கார வெச்சிக்கிட்டு நான் யாருக்குப் பாடம் நடத்துறது?"

சாவி நுனியைப் பார்த்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவளுக்கு உடம்பு கூசியது.

அன்னமேரி விடவில்லை. "இப்ப சட்டம் வந்திருக்குது. இந்த மாதிரிப் புள்ளைங்களப் பதினெட்டு வயசு வரைக்கும் காசு வாங்காம படிக்க வைக்கணும். தருமபுரி பெரியாஸ்பத்திரில காது கேக்கலன்னு டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கு. காது மெஷினும் காசில்லாம வரும். இது யாரும் போடற பிச்சையில்ல, உம்பொண்ணுக்குச் சேர வேண்டியது" என்றாள்.

ஒருநாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று முனிலட்சுமி பஸ் ஏறினாள். சர்ட்டிபிகேட்டைப் பார்த்ததும் நாராயணப்பன் வேண்டாவெறுப்பாகப் பெயரை எழுதிக்கொண்டார். சில மாதத்தில் மெஷினும் வந்தது. கழுத்தில் மாட்டும் சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்குப் போகும் ஒயர். பெண் உடைத்துவிடுவாள், பள்ளி பீரோவிலேயே பத்திரமாகப் பூட்டி இருக்கட்டும், பாட நேரத்தில் மாட்டிவிடுகிறேன் என்றார் அவர். ஃபேக்டரியிலும் அளவுக் கருவிகளைச் சூப்பர்வைசர்தான் பூட்டி வைப்பார். அதனால் முனிலட்சுமிக்கு அதில் தப்பு தெரியவில்லை. பெண் இனிப் படித்துவிடுவாள் என்று நிம்மதியாக வேலைக்குப் போனாள்.

கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வரும் நாளில், நல்ல சேலை கட்டிக்கொண்டு வரச்சொல்லி ஆள் அனுப்பினார் நாராயணப்பன். போனாள். நாகவேணி முகமெல்லாம் பவுடரோடு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், மார்பில் பெட்டி. அதிகாரி பெயர் கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நாராயணப்பன் கைகாட்ட, குழந்தை சிலேட்டைத் தூக்கிப் பிடித்தாள். பெயர் அழகாக எழுதியிருந்தது, பெரியவர்கள் கையெழுத்தில்.

"அடடே! மெஷின் நல்லா வேலை செய்யுதே!" என்று அதிகாரி கைதட்டினார்.

முனிலட்சுமி பெட்டியைப் பார்த்தாள். மேலே ஒட்டியிருந்த கண்ணாடித் தாளைக்கூட யாரும் பிரிக்கவில்லை. கிட்டே போய்த் திருப்பி மூடியைத் திறந்தாள். உள்ளே காலி.

"சார், இதுல பேட்டரியே இல்லீங்க."

"பேட்டரிக்குப் பணம் வரலைங்க சார்" என்றார் நாராயணப்பன், கொஞ்சமும் கூச்சமில்லாமல். பின்னால் இருந்த பையன் ஒருத்தன், நாகவேணி தினமும் கடைசி மூலையில் தரையில்தான் உட்காருவாள் என்று உளறிவிட்டான்.

அதிகாரி இளநீரை உறிஞ்சிக்கொண்டே, "சரி விடும்மா. புள்ள பேர எழுதிக் காட்டிடுச்சில்ல" என்றார்.

முனிலட்சுமியின் மூக்கு சுருங்கியது.

"உங்களப் பாத்தா எனக்கு வாந்தி வருதுங்க சார். அழுகின பொருள உள்ள வெச்சி மேல சீல் குத்தறீங்க. இந்த மெஷினு எம்பொண்ணுது, இனிமே எங்க ஊட்லதான் இருக்கும். நாளைக்கு மாட்டிக்கிட்டு வருவா, இதே பெஞ்சில உக்காருவா. மூலைல தள்ளினீங்கன்னா சர்ட்டிபிகேட்ட எடுத்துக்கிட்டு நேரா கலெக்டர்கிட்ட போவேன்."

நாராயணப்பன் சாவியைக் காதுப் பக்கம் கொண்டுபோய்விட்டுக் கையை இறக்கினார்.

சாயங்காலம் மகளோடு திரும்பும் வழியில் மாரம்மா கடையில் பென்சில் பேட்டரி வாங்கிப் பெட்டியில் போட்டாள். ஒயர் நுனியை மகள் காதில் செருகி, பெட்டியின் ஓரத்திலிருந்த சின்னச் சக்கரத்தைத் திருகினாள். நாகவேணி கண்ணை அகல விரித்துக் கடைத் தகரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அப்போதுதான் குன்றுக்கு அந்தப் பக்கம் வெடி வெடித்தது.

குழந்தை துள்ளி விழுந்தாள். வீறிட்டு அழுதபடி அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அய்யோ, எவ்ளோ தைரியமான புள்ள! இப்பிடிக் கெடுத்து வெச்சிட்டியே" என்றாள் மாரம்மா.

முனிலட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பயப்படட்டும்க்கா. ஏழு வருஷம் பயப்படாம இருந்தது போதும்."

அழுகிற மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.