ஆவாரம் பட்டை யாருக்கு?

“...மணி அடிச்சா அடிக்கட்டும் ஐயா. இந்தப் பொண்ணு கேட்டதுக்கு மொதல்ல ஒரு வழி பண்ணிட்டு வர்றேன்” என்று பாய் சொன்னபோது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அப்படிச் சொன்னது எங்கள் டிரெயினிங் ஸ்கூல் தலைமையாசிரியரிடம். என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்துக்கொண்டு பாய்க்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான். பாடம் நடத்துகிற மாணவ ஆசிரியன் ஒருவன் தன்னைச் சோதிக்க வந்தவரிடம் மறுத்துப் பேசி அன்றுவரை நான் கண்டதில்லை.

பாய் என்று நான் சொல்வது என்னோடு வாத்தியார் வேலைக்குப் படித்த கூட்டாளியை. ஆம்பூர்க்காரர். வீட்டில் உருது, தெருவில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். நான் கணியம்பாடிப் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளை. ஊர்ப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவன். மீதியைக் கிணற்றங்கரையில் உட்கார்ந்து நானாகவே படித்து எட்டாவது எழுதித் தேறி, எப்படியோ டிரெயினிங்கில் நுழைந்துவிட்டேன். படித்தவர்கள் பேசினால் எனக்குப் பாதி காதில் ஏறாது. சாதாரண ஜனங்கள் பேசினால் ஒரு சொல் தவறாது. பாயை எனக்குப் பிடித்துப்போனதும் அவர் பேச்சால்தான். அவருடைய மாமா தோல் மண்டி வைத்திருந்தார். அங்கே போய் உட்கார்ந்தால் வாத்தியார் சம்பளத்தைவிட ஜாஸ்தி கிடைக்கும். பிறகு ஏன் இந்தப் பேஜார் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். “தோலைத் தொட்டா தரம் சொல்லிடுவேன் தோஸ்த். ஆனா தோலு நம்மள திருப்பி ஒரு கேள்வி கேக்குமா?” என்றார். இத்தனை வயதாகியும் அந்த வார்த்தை எனக்கு மறக்கவில்லை.

அவருக்கு வினையாக வந்ததும் அந்தக் கேள்விகள்தான். முந்தின வருஷம் பரீட்சைப் பாடத்தில் யாரோ ஒரு பையன் எறும்பைப் பற்றி ஏதோ கேட்க, பாய் பாடத்தை விட்டுவிட்டு எறும்பின் பின்னாலேயே போய்விட்டார். மணி அடித்தபோது பாடத்தில் பாதி பாக்கி. மீள்பார்வை முழுவதும் பாக்கி. மீள்பார்வை என்பது கடைசி ஐந்து நிமிஷத்தில் நடத்தியதையெல்லாம் திருப்பிக் கேட்டுப் பிள்ளைகள் வாயாலேயே வரவழைப்பது. அது இல்லாத பாடம் பாடமே அல்ல என்பது தலைமையாசிரியரின் கட்சி. பாயைத் தோற்கடித்துவிட்டார்கள். இரண்டாம் முறையும் தோற்றால் பெயரை எடுத்துவிடுவார்கள், அதற்குமேல் வாய்ப்பில்லை. மாமா மண்டியில் ஓர் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார்.

பரீட்சைக்கு முந்தின வாரம் எங்கள் இருவரையும் ஆம்பூரில் ஒரு சின்னப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பாய்க்குக் கிடைத்தது மூன்றாம் வகுப்பு, இயற்கைப் பாடம், செடியின் உறுப்புகள். எந்தப் பாடத்துக்கும் உண்மைப் பொருளைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. பாய் ஆவாரஞ்செடி ஒன்றை வேரோடும் மண்ணோடும் பெயர்த்து ஒரு பழைய சட்டியில் நட்டு எடுத்துவந்தார். இன்னொரு விதியும் உண்டு. விடையை வாத்தியார் சொல்லக் கூடாது. கேள்வி கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளிடமிருந்தே வாங்க வேண்டும்.

ஒத்திகைக்காக நாலாம் வகுப்பில் அந்தப் பாடத்தை ஒரு முறை நடத்திப் பார்த்தோம். வேர் எதுக்கு என்றார் பாய். “கஷாயத்துக்கு சார்.” இலை எதுக்கு? “தலைக்கு அரைச்சித் தேய்க்க.” பூ? “பொங்கலுக்குக் காப்புக் கட்ட.” குச்சி? “அடுப்புக்கு.” பட்டை எதுக்கு என்று கேட்டதும் வகுப்பே எழுந்து நின்று “தொட்டிக்கு” என்றது. ஷாப்பில் தோலை ஊறப்போட்டுப் பதப்படுத்துகிற தொட்டி. ஆவாரம் பட்டை வண்டி வண்டியாக அங்கே போவதைத் தினமும் பார்க்கிற பிள்ளைகள் வேறு என்ன சொல்லும்? பாயின் பாடக் குறிப்பிலோ ‘பட்டை செடியைக் காக்கிறது’ என்று எழுதியிருந்தது. அந்த வாக்கியத்தை எந்தப் பிள்ளையின் வாயிலிருந்து இழுப்பது?

“பேசாம செம்பருத்தி கொண்டு போங்க பாய். அத யாரும் தொட்டில போட மாட்டாங்க” என்றேன்.

“இந்தப் புள்ளைங்க வூட்டாண்ட எங்க தோஸ்த் இருக்குது செம்பருத்தி? பொறந்ததுலேர்ந்து பாக்கறது இதத்தானே. தெரிஞ்ச செடியிலயே தெரியாதது இருக்குதுன்னு காட்டணும்” என்றார். காட்டுவது எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

பரீட்சையன்று அந்த மூன்றாம் வகுப்பில் பாய் துவைத்த கோட்டும் துருக்கித் தொப்பியுமாக வந்து நின்றார். வேரும் இலையும் ஒரு மாதிரியாக ஓடிவிட்டன. பட்டை வந்தது. செடியின் தண்டிலிருந்து விரல் நீளத்துக்குப் பட்டையை உரித்துத் தூக்கிக் காட்டி, இது எதுக்கு என்றார். முதல் வரிசையில் இருந்த ஒரு பெண், ஷாப்பில் பட்டை இடிக்கிறவளின் மகள், “தொட்டிக்கு சார்” என்றாள். தலைமையாசிரியரின் பென்சில் ஓடியது. பாய் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே எதிர்ச் சுவருக்கு மேல் ஷாப்பில் காயப்போட்ட தோல்கள் கழியில் தொங்கின.

“அதோ தொங்குதே தோலு, அது யாருது?”

“மொதலாளிது சார்” என்றான் ஒருவன்.

“அவராண்ட வர்றதுக்கு முன்னாடி?”

“மண்டிக்காரர்து.”

“அதுக்கும் முன்னாடி?”

“கசாப்புக்கடக்காரர்து சார். எங்க மாமாதான்” என்றான் இன்னொருவன் பெருமையாக. வகுப்பு சிரித்தது.

“உங்க மாமாவுக்கும் முன்னாடி?”

இதற்கு முன் அப்படி ஒரு சொந்தக்காரர் உண்டு என்று அவர்கள் நினைத்ததே இல்லை போலும். அந்தப் பெண்தான் மெல்ல, “ஆட்டுது” என்றாள்.

“ஆட்டுக்கு எதுக்குத் தோலு?”

அணை திறந்தாற்போல வந்தன விடைகள். மழை படாமல் இருக்க. முள் குத்தாமல் இருக்க. “உள்ள இருக்கறது கொட்டிப் போவாம இருக்க” என்றான் கசாப்புக்கடைக்காரரின் மருமகன், தன் தொழில் அறிவோடு. பாய் செடியைக் கையில் எடுத்தாரே தவிர, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணே, “அப்ப பட்டையும் செடியோடதுதானா சார்? அதுக்கும் வெயிலு படாம இருக்கத்தானா?” என்றாள். பென்சில் நின்றது. விடை வாங்கியாகிவிட்டது, ஐந்து நிமிஷம் பாக்கி, மீள்பார்வையை முடித்தால் பாய் வாத்தியார்.

அந்த நேரம் பார்த்து அவள் சட்டியைக் காட்டி இன்னொன்று கேட்டாள். “நீங்க உரிச்சிட்டீங்களே சார், இனிமே அது இன்னா பண்ணும்?”

“நேரம் ஆகிறது. உம்முடைய மீள்பார்வை எங்கே?” என்றார் தலைமையாசிரியர். அப்போதுதான், நான் ஆரம்பத்தில் எழுதிய அந்தப் பதிலைப் பாய் சொன்னார்.

பிறகு நானும் முப்பது வருஷம் வாத்தியாராக இருந்துவிட்டேன். எத்தனையோ பேர் மீள்பார்வையை மணிக்குச் சரியாக முடிக்கப் பார்த்திருக்கிறேன், நானும் முடித்திருக்கிறேன். அவற்றில் ஒரு பாடமும் எனக்கு இப்போது ஞாபகத்துக்கு வருவதில்லை. பாய் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கடைசிவரை வேலை பார்த்தார். போகிற வழியில் பார்க்கலாம் என்று போனால், பிள்ளைகள் கேள்வி கேட்டு முடிகிறவரை வாசலில் நிற்கவைத்துவிடுவார். அன்றைய தாளில் ‘நேரப் பங்கீடு போதாது, மீள்பார்வை இல்லை’ என்று தலைமையாசிரியர் எழுதியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்குக் கீழே நெடுநேரம் ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டுத் ‘தேர்ச்சி’ என்று எழுதினார். ஆனால் அது மணி அடித்து வெகுநேரத்துக்குப் பின். மறுத்துப் பேசிய அந்த நிமிஷத்தில் பாய்க்கு அதெல்லாம் தெரியாது. மண்டியில் தனக்குக் காலியாக இருந்த இடம்தான் தெரிந்திருக்கும்.

அவர் சட்டியைத் தரையில் வைத்து, கோட்டு மண்ணில் படிய அந்தப் பெண்ணுக்கு எதிரில் குந்தினார். “இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியல பாப்பா” என்றார், தலைமையாசிரியருக்குக் கேட்கும்படியாகவே. “வச்சுக் கட்டிப் பாக்கலாமா?” அவள் தன் சடையின் நுனியில் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்துக் கொடுத்தாள். பிள்ளைகள் பெஞ்சை விட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். மணி அடித்தது, ஒருவரும் நகரவில்லை. பாய் உரித்த பட்டையை எடுத்து இருந்த இடத்திலேயே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாகச் சுற்றிக் கட்டத் தொடங்கினார்.