வாளிக்குள் அப்பா மீன்

எங்கள் அப்பாவுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கோவில்பட்டிக்காரர், அவருக்கு மீன் என்றால் தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் வருவது, செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் ஒரு மே மாதத்துச் சனிக்கிழமை நியூ ஜெர்சியின் ஏரிக்கரை ஒன்றில் தூண்டிலும் கையுமாக நின்றார் என்றால், அதற்கு முழுக் காரணம் எதிர்வீட்டு அங்கிள்.

அங்கிள் அப்பாவோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர், வயதில் மூத்தவர். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் அபார்ட்மென்ட்டும் அவரும் ஆன்ட்டியும் இருந்ததும் எதிரெதிரே. அவருக்கு வருஷத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். முந்தைய வருஷம் தக்காளிச் செடி, அதற்கு முந்தைய வருஷம் சைக்கிள். எல்லாவற்றுக்கும் குரு யூடியூப்தான். அந்த வருஷம் மீன்.

பனிக்காலம் முழுக்க எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அவர் மீனின் பருவங்களைப் பாடம் எடுத்தார். குளிர்காலத்தில் மீன் ஆழத்துக்குப் போய்ச் சோம்பிக் கிடக்கும். பனி உருகி தண்ணீர் கொஞ்சம் சூடேறினால் முதலில் வால்ஐ என்ற மீன் கரைக்கு வந்து கல்லிடுக்கில் முட்டையிடும். இன்னும் சூடேறினால் பாஸ் மீன் வந்து கரையோரத்தில் கூடு கட்டும். கோடையில் பகலெல்லாம் ஆழம், விடியலிலும் அந்தியிலும் கரை. இலையுதிர் காலத்தில் கண்டதையெல்லாம் துரத்தித் தின்னும். அப்பா தலையாட்டிக்கொண்டே லேப்டாப்பில் வேலை பார்ப்பார். அப்பாவுக்கும் சேர்த்து நான்தான் கேட்டேன். எனக்கு எட்டு வயது.

"வால்ஐ பேபியை யார் பார்த்துப்பாங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"யாரும் பாக்க மாட்டாங்க கண்ணு. முட்டைய போட்டுட்டு அம்மாவும் போயிடும், அப்பாவும் போயிடும். அது அதுபாட்டுக்கு வளரும்."

"பாஸ்?"

"பாஸ்ல அப்பா மீன்தான் காவல். அம்மா மீன் முட்டைய போட்டுட்டு ஆழத்துக்குப் போயிடும்."

"டெக்சஸுக்கா?"

ஆன்ட்டி சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்பா லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. நான் சரியாகத்தானே கேட்டேன், இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை.

என் அம்மா அப்போது டெக்சஸில், இர்விங்கில் இருந்தாள். ரொம்ப நாள் வீட்டிலேயே இருந்தவளுக்கு ஒருவழியாகக் கிடைத்த வேலை அங்கேதான் கிடைத்தது. அப்பாவால் கூடப் போக முடியாது. அவருடைய கிரீன் கார்டு மனு நியூ ஜெர்சி கம்பெனியின் பெயரில் பாதி வழியில் நின்றது. கம்பெனியை விட்டால் வரிசையும் போய்விடும். எங்களைப்போல எத்தனையோ வீடுகளில் இப்படி ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா ஐபேடுக்குள் இருக்கிறாள் என்பது மட்டும்தான்.

அப்பாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. மீட்டிங் முடிந்து அவர் ஓடி வருவதற்குள், பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர்கேரில் என்னையும் டீச்சரையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். டீச்சர் ஏற்கெனவே கோட் போட்டுக்கொண்டு நிற்பார். அதனால் என்னைக் கோவில்பட்டியில் சித்தி வீட்டில் விடுவது என்று பெரியவர்களுக்குள் முடிவாகியிருந்தது. லீவு விட்டதும் கொண்டுபோய் விட்டால், கிரீன் கார்டு வரும்வரை அங்கேயே படிப்பேன். டிக்கெட் எடுத்தாயிற்று. சித்தி பள்ளிக்கூடத்தில் இடமும் கேட்டு வைத்துவிட்டாள். என்னிடம் மட்டும் "சம்மருக்கு ஊருக்குப் போறோம்" என்றார்கள். சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்று வாங்கி வந்தார் அப்பா. அதில் என் பொம்மைகளை வைத்து வீட்டுக்குள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்றும் எனக்குப் புரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை இரண்டு குடும்பமும் ஒரே காரில் கிளம்பினோம். தூண்டில், ரப்பர் புழு, மீன் பிடிக்கும் லைசென்ஸ் எல்லாம் அங்கிள் ஏற்பாடு. ஆன்ட்டி தன் பங்குக்கு மிளகாய், சோம்பு, பூண்டு எல்லாம் வைத்து மீன் மசாலா அரைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டார். கூடவே கேம்பிங் அடுப்பு, இரும்புத் தோசைக்கல், எலுமிச்சம்பழம். மீன் இன்னும் தண்ணீரில் இருந்தது, மற்றதெல்லாம் தயார்.

வழியெல்லாம் அங்கிள் அப்பாவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார். "நீ ஏன் தம்பி இவ்ளோ யோசிக்கிற? மீன் குஞ்சுக்கு யாராவது நீச்சல் சொல்லித் தருவாங்களா? எங்க ஃப்ரெண்ட்ஸ்ல ரெண்டு பேர் பசங்கள ஊர்லதான் விட்டிருக்காங்க. பசங்க அதுபாட்டுக்கு வளந்துடும்."

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வால்ஐயைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து நான் வெளியே வேடிக்கை பார்த்தேன்.

ஏரியில் வால்ஐ கிடைக்கவில்லை. கிடைக்காது என்று அங்கிளே சொல்லியிருந்தார். அதன் கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது, இருட்டினால்தான் வரும். இருட்டினால் ஏரி இருக்கும் பார்க்கைப் பூட்டிவிடுவார்கள். ஆனால் கரையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, முட்டியளவு தண்ணீரில், தட்டு அகலத்துக்குச் சுத்தமாகப் பெருக்கியதுபோல ஒரு வட்டம் தெரிந்தது. அதன்மேல் பச்சை நிறத்தில் ஒரு மீன் நகராமல் நின்றது. வட்டத்துக்குள் மங்கலாக மணல் மணலாக ஏதோ இருந்தது.

"அதான் கூடு! அப்பா மீன்! புழுவ அங்க போடு தம்பி!" அங்கிள் குரலைத் தாழ்த்திக்கொண்டு குதித்தார்.

அப்பா போட்டார். புழு மரத்தில் விழுந்தது. மறுபடி போட்டார். மூன்றாவதோ நான்காவதோ வட்டத்துக்குள் விழுந்தது. மீன் பாய்ந்து அதைக் கவ்வியது. பசியில் அல்ல, முட்டைக்குப் பக்கத்தில் எது வந்தாலும் அது கவ்வி அப்பால் கொண்டுபோய்ப் போடுமாம். அப்பா பயந்துபோய்ப் பின்னால் இழுத்தார். அங்கிள் ஓடிப்போய்ப் பிடித்து, தண்ணீர் நிறைத்து வைத்திருந்த வாளிக்குள் போட்டுவிட்டார். ஆன்ட்டி அடுப்பைப் பற்ற வைத்தார். நான் கைதட்டினேன். அப்பா எதையும் பிடித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

கை துடைக்கத் துண்டு எடுக்க அப்பா கார் நிறுத்திய இடத்துக்குப் போனார். அங்கே ஒரு அறிவிப்புப் பலகை. விசாவில் இருப்பவர்கள் பலகை என்று எதைப் பார்த்தாலும் இரண்டு முறை படித்துவிடுவார்கள். படித்துவிட்டு வேகமாக வந்தார்.

"அண்ணா, இந்த சீசன்ல பாஸ வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதாம். பிடிச்சா உடனே விட்டுடணுமாம்."

வசந்தம், கோடை, இலையுதிர், பனி என்று எல்லாப் பருவமும் படித்த அங்கிள் அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஆன்ட்டி முணுமுணுத்தார். ஆனாலும் அங்கிளுக்கு விட மனசில்லை. "ஒரே ஒரு மீன் தம்பி. யாரு வந்து பாக்கப் போறா? நீ எல்லாத்துக்கும் பயப்படுவ."

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் பாறைமேல் நின்று அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ சின்னச் சின்ன மீன்கள் வந்தன. முதலில் ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு கூட்டமே வட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு கொத்த ஆரம்பித்தது.

"அப்பா! அதெல்லாம் பேபிய ஈட் பண்ணுது!" என்று கத்தினேன். "அப்பா மீன் இல்லன்னு அதுக்குத் தெரிஞ்சிடுச்சு!"

அப்பா வட்டத்தைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று பயந்துவிட்டேன்.

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல், ஜீன்ஸோடு தண்ணீருக்குள் இறங்கினார். நீச்சல் குளத்தில்கூட ஓரமாக நிற்கிறவர். "சூ! சூ!" என்று வடகத்துக்கு வரும் காக்கையை விரட்டுவதுபோல அந்தச் சின்ன மீன்களை விரட்டினார். வாளியை மெல்லச் சாய்த்தார். அப்பா மீன் வழுக்கிக்கொண்டு போய் எங்கோ மறைந்தது. அப்பா அங்கேயே நின்றார், கூட்டுக்குக் காவலாக.

"தம்பி, அது வரும். நீ மேல வா. ஷூ வீணாப் போகுது பாரு," என்றார் அங்கிள். "அப்படியே வரலன்னாலும் என்ன, நாலு முட்டை தப்பிச்சாப் போதும், அதுபாட்டுக்கு..."

"எல்லாம் அதுபாட்டுக்கு வளராதுண்ணா!"

அப்பா அங்கிளிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அங்கிள் தூண்டில் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மீன் பிடிக்க வந்தோம், பிடித்தோம், விட்டோம், இப்போது சண்டையும் போடுகிறோம். ஒரு மீனுக்காக அப்பாவின் கண் ஏன் இப்படிச் சிவக்க வேண்டும்?

கொஞ்ச நேரத்தில் அந்த மீன் திரும்பி வந்தது. அப்பாவின் காலைச் சுற்றிக்கொண்டு போய் வட்டத்தின்மேல் முன்போலவே நின்றது. அதன் பிறகுதான் அப்பா கரையேறினார். ஆன்ட்டி மதியத்துக்குக் கொண்டுவந்த வேகவைத்த உருளைக்கிழங்கை நறுக்கி, மீன் மசாலாவைத் தடவித் தோசைக்கல்லில் போட்டார். நால்வரும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. அங்கிள் மட்டும் இரண்டு முறை "உப்பு கம்மி" என்றார்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் நீலப் பெட்டியில் என் பொம்மைகள் இல்லை. அப்பா அதில் எங்கள் பனிக்கோட்டுகளையும் கையுறைகளையும் அடைத்து மூடி, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "அடுத்த வருஷம் எல்லாரும் சேர்ந்து போலாம்" என்றார். எனக்கு அழுகையாக வந்தது. சித்தி வீட்டில் ஆட்டுக்குட்டி இருந்தது. எனக்காகவே கட்டி வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். அப்பா மிகவும் மோசமானவர் என்று முடிவு செய்து, மத்தியானம்வரை அவரோடு பேசவில்லை.

சாயங்காலம் ஐபேடில் அம்மா வந்தாள். அப்பா முன்னமே அவளிடம் ஏதோ பேசியிருக்க வேண்டும். அவள் மூக்கு சிவந்திருந்தது. "ஏரியில என்ன பண்ணீங்க? எல்லாத்தையும் சொல்லு" என்றாள். நான் வாளி, கூடு, சின்ன மீன்கள், அப்பாவின் நனைந்த ஷூ என்று ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது திரும்பி வந்துவிட்டது, இப்போதும் முட்டைக்குப் பக்கத்தில்தான் நிற்கும் என்று எடுத்துச் சொன்னேன். அதைக் கேட்டதும் இன்னும் அதிகமாக அழுதாள். மீன்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருப்பவள், போனமுறை வந்தபோது வஞ்சிரம் வறுவலை மட்டும் எப்படி அத்தனை ஆசையாகச் சாப்பிட்டாள் என்றுதான் அன்றைக்கு எனக்குக் குழப்பமாக இருந்தது.