மட்கார்டில் எழுதிய அம்மணி

எங்கள் அத்தையின் டிராக்டர் மட்கார்டில் வெள்ளை பெயிண்டில் 'அம்மணி' என்று எழுதியிருக்கும். கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சொட்டு வழிந்து, துடைக்க ஆளில்லாமல் அப்படியே காய்ந்து, உளுந்து அளவுக்குப் புடைத்து நிற்கும். சின்ன வயதில் நான் மட்கார்டின் மேல் உட்கார்ந்து கொண்டு போகும்போது என் விரல் தானாக அந்தச் சொட்டைத் தேடிப் போய்விடும். நகத்தால் சுரண்டுவேன். அத்தை ஓட்டிக்கொண்டே என் கையில் பட்டென்று ஒரு தட்டு தட்டுவார். மற்றபடி அவர் கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா. கொடுமுடிக்குப் பக்கத்தில் மஞ்சளும் கரும்பும் விளையும் வாய்க்கால் காடு அவர்களுடையது. குழந்தை இல்லை. மாமா டிராக்டரை ஆசை ஆசையாக வாங்கினார். ஆனால் ஓட்டப் பயம். கேலிக்காகச் சொல்லவில்லை, அவரே எல்லாரிடமும் சிரித்துக்கொண்டு சொல்வார். முதல் நாளே வாய்க்கால் கரையில் வண்டியை ஏற்றிவிட்டு இறங்கி வந்தவர், அப்புறம் அந்த சீட்டில் உட்காரவே இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தைதான் ஏறினார். ஊர் சும்மா இருக்குமா? பொம்பளை டிராக்டர் ஓட்டுகிறாள், ஆம்பளை வரப்பில் நடக்கிறான் என்று டீக்கடை முழுக்க இதே பேச்சு. மாமாவுக்கு யாரிடமும் எதிர்த்துப் பேச வராது. ஒருநாள் காலையில், ஜன்னலுக்கு அடித்து மீந்த பெயிண்டை எடுத்து, மட்கார்டில் அந்தப் பெயரை எழுதிவிட்டார். அத்தையை அவர் கூப்பிடுவது அப்படித்தான். தெரியாதவர்கள் ஏதோ குலதெய்வம் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். தெரிந்தவர்கள் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

மாமா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அவர் போன பிறகு ஒரு காற்றில் கொட்டகைத் தகரம் பறந்துபோக, வண்டி வெயிலிலேயே நின்றது. சிவப்பு வெளுத்து ரோஸாகி, கடைசியில் தொட்டால் கையில் பொடியாக ஒட்டுகிற நிலைக்கு வந்துவிட்டது. எழுத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

போன தை மாதம் அத்தைக்கு மூட்டு ஆபரேஷன். கோயம்புத்தூரில் என் வீட்டில்தான் வைத்துப் பார்த்துக்கொண்டேன். ஊரில் காட்டைப் பார்த்துக்கொள்ளும் என் அண்ணன் ஒருநாள் போன் செய்து, அத்தை திரும்பி வருவதற்குள் டிராக்டரை ஈரோட்டுக்குக் கொண்டுபோய்ப் பெயிண்ட் அடித்துப் புத்தம் புதுசாக்கிவிடப் போவதாகக் குதித்தான். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"செய்யுங்க சாமி. உங்க இஷ்டமுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு மறுப்பு கிடையாது. எங்களை வா, போ என்று வளர்த்தவர் திடீரென்று மரியாதை கொடுத்தால் உஷாராகிவிட வேண்டும். அண்ணனுக்கு அது புரியவில்லை. அவனுக்கு எப்போதுமே புரியாது. அத்தை சாப்பாட்டைப் பாதியில் வைக்க ஆரம்பித்தார். மூட்டு வலியாக்கும் என்று நானும் மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தேன், என் புத்தியும் அவ்வளவுதான். ஒரு மத்தியானம் நான் அவர் காலை நீவிவிடும்போது கேட்டார்.

"ஏங்கண்ணு, பழசச் சொரண்டிப்போட்டுத்தான் புதுசு அடிப்பாங்களா?"

ஆமாம் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா எழுதி வைத்து இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான்.

அண்ணனைப் போனில் பிடி பிடியென்று பிடித்தேன். "அந்த எழுத்து போச்சுன்னா மாமன் ரெண்டாவது தடவை செத்தாப்பலதான் அத்தைக்கு" என்றேன். "தெரியாமப் போச்சு கண்ணு" என்றான். அவனும் மாமாவின் தோளில் வளர்ந்தவன்தானே.

தப்பு உறைத்துவிட்டால் எங்கள் அண்ணனைப் பிடிக்க முடியாது. பெயிண்ட் அடிக்காமலே பழைய கலரைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று கிளம்பி, வண்டி முழுக்கத் தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டான். சாயங்காலம் போட்டோ வந்தது. ரத்தச் சிவப்பு! எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அத்தை போனைக் கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை மறுபடியும் போன். "மஞ்சளாயிருச்சு" என்றான். எது என்று கேட்டால், "எல்லாமே" என்கிறான். காய்ந்த மஞ்சளை உருட்டித் தோல் போக்கித் தர அடுத்த வாரம் வருவதாகச் சொன்ன பாலிஷ்காரர், டிரம்மோடு விடிகாலையிலேயே வந்து களத்தில் ஓட்ட ஆரம்பித்துவிட்டார். டிரம்முக்குள் மஞ்சள் உருண்டால் தூசி எப்படிப் பறக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் எண்ணெய் வழிய நிற்கிறது வண்டி.

அத்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் மஞ்சள் நீராட்டுக்கு மணையில் உட்கார்ந்த பெண் மாதிரி நிற்கிறது டிராக்டர். வெள்ளை எழுத்துதான் மஞ்சளை நன்றாகக் குடித்திருந்தது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அண்ணன் கையில் மண்ணெண்ணெய்க் கேன். அண்ணிதான் அதைப் பிடுங்கி வைத்தார், அது கறையோடு எழுத்தையும் கரைத்துவிடும் என்று.

"எண்ணையும் வெச்சாச்சு, மஞ்சளும் பூசியாச்சு. அரப்பப் போட்டுத் தலைக்கு ஊத்திற வேண்டியதுதானுங்க" என்றார்.

கேலிக்குத்தான் சொன்னார். நானும் அந்தக் கோபத்திலேயே சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகு மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வேறு என்ன வழி இருந்தது?

எண்ணெய்க் குளியலில் பிசுக்குப் போகச் சீயக்காய் மாதிரி தேய்க்க வைத்திருந்த அரப்புத் தூளை வாளியில் குழைத்து, பழைய வேட்டித் துணியால் மெல்லத் தேய்த்தோம். எண்ணெய் வந்தது. எண்ணெயோடு மஞ்சள் வந்தது. அதோடு வெயிலில் செத்துப்போன மேல்பொடியும் வழித்துக்கொண்டு வர, அடியிலிருந்து நிஜச் சிவப்பு தலைகாட்டியது. நான் மட்கார்டில் உட்கார்ந்து போன காலத்துச் சிவப்பு. அண்ணன் தேய்க்கிற வேகத்தைப் பார்த்து, கலர் மொத்தமும் வந்துவிடப் போகிறது என்று நாங்கள் கத்தி அடக்க வேண்டியிருந்தது. எழுத்தின் பக்கம் அவனை விடவே இல்லை. அங்கே நான் பஞ்சால் ஒற்றி மட்டும் எடுத்தேன்.

ஆனால் எழுத்தில் ஏறிய மஞ்சள் போகவில்லை. அண்ணி அலட்டிக்கொள்ளவில்லை, வெள்ளைச் சட்டையில் மஞ்சள் பட்டால் என்ன செய்வோம், வெயிலில்தானே போடுவோம் என்றார். வண்டியைத் தள்ளி, எழுத்துப் பக்கம் வெயில் படும்படி நிறுத்தினோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கறை கொஞ்சம் கொஞ்சமாக இளைத்து, மறுநாள் பொழுது சாயும்போது எழுத்து வெள்ளையாக நின்றது. அத்தனை வருடம் சிவப்பைத் தின்ற வெயில்தான். இந்த ஒரு காரியத்துக்காக அதை மன்னித்துவிட்டேன். அப்பாடா என்று களத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்தேன். அண்ணன் மெழுகு பாலிஷை மெல்லிசாகப் பூசி மூடினான். அப்போதும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசிக் கடைசியில் அத்தையைக் காரில் கூட்டிப்போனோம். வாக்கரை ஊன்றிக்கொண்டு, வீட்டுக்குள் போகாமல் நேராகக் கொட்டகைக்கு நடந்தார். பக்கத்தில் நின்று மோந்து பார்த்தார். அரப்பு வாசம் வருவதாகச் சொன்னவர், எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். மட்கார்டில் உள்ளங்கையை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டே போய், கடைசியில் நின்றார்.

"அப்படியே வெச்சிருக்கீங்க கண்ணுகளா" என்றார். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கையை நீட்டி, வழிந்து காய்ந்த அந்தச் சொட்டைத் தொட்டேன். ஐம்பது வயது நகம், பழைய பழக்கம் போகவில்லை. லேசாகச் சுரண்டியிருப்பேன் போல.

அத்தை ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் கையில் பட்டென்று ஒரு தட்டு தட்டினார்.