நிரப்பாத முக்கோணம்

அம்மா புரோகிராமர்களுக்கு இடவியல் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வடிவத்தில் எத்தனை துண்டு, எத்தனை ஓட்டை என்று கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க வைக்கும் கணக்கு. பயிற்சி நிலையத்தில் மாலை வகுப்பு. சமையல் சுமார்தான், கோபம் நன்றாக வரும். அவள் உயிர்ப்போடு இருந்தது அந்த வகுப்பில்தான்.

முதல் நாள் பலகையில் வளையமாகப் புள்ளிகளை இறைப்பாள்.

"இது என்ன?"

"மோதிரம் மாதிரி இருக்கு, மேடம்."

"உங்க கண்ணுக்கு. கம்ப்யூட்டருக்கு இது வெறும் நம்பர். அதுக்கு எப்படிப் புரிய வைப்பீங்க?"

ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வட்டம் வரைந்து மெல்லப் பெரிதாக்குவாள். இரண்டு வட்டம் தொட்டால் புள்ளிகளுக்கு நடுவே கோடு. மூன்று ஒன்றையொன்று தொட்டால் முக்கோணம். அதைச் சாக்பீஸால் நிரப்பிவிட வேண்டும். நிரம்பாமல் எஞ்சும் வளையம்தான் ஓட்டை. வட்டம் பெரிதாகப் பெரிதாகச் சில்லறை ஓட்டைகள் அடைந்துபோகும். நெடுநேரம் தாக்குப்பிடிப்பதுதான் நிஜ ஓட்டை என்று நம்பலாம்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். புள்ளியும் கோடும் போட்டுப் பழகிய கை, முக்கோணத்தை நிரப்பாது. புரோகிராமை ஓட்டினால் ஊர்ப்பட்ட ஓட்டை.

"மாவு சலிக்கவா வந்தீங்க, தம்பி?" என்று அம்மா ஒருவனை வாட்டியெடுத்தாள். சோடாபுட்டிக் கண்ணாடிக்காரன். பிறகு அவனையே உதவிக்கு வைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு மறதி வந்தது. மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார், மருந்து எதுவும் சொல்லவில்லை. வேலையை விடச் சொன்னேன்.

"பலகை முன்னாடி நின்னா எனக்கு எதுவும் மறக்காதுடீ. அதுவும் போச்சுன்னா, வகுப்புச் சாவியை நானே கொடுத்துட்டு வந்துடறேன்."

அதன்பின் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

ஒரு நாள் பலகையில் புள்ளிகள் வைத்தாள். வட்டங்கள், கோடுகள். பிறகு நேராக ஓட்டைகளை எண்ணத் தொடங்கினாள். எண்ணிக்கை முடியவே இல்லை.

"மேடம், முக்கோணத்தை நிரப்பலையே," என்றான் கண்ணாடிக்காரன்.

"எதுக்கு நிரப்பணும்?"

மடக்குக் கேள்வி என்று நினைத்து வகுப்பு சிரித்தது. கொஞ்சம் தாமதமாக அம்மாவும் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்களே வந்து சொல்லுங்க, தம்பி," என்று சாக்பீஸை நீட்டினாள்.

அவன் ஒவ்வொரு முக்கோணமாக நிரப்பிக்கொண்டே விளக்கினான். அம்மா முதல் பெஞ்சில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டாள்.

"நல்லாப் புரியுது," என்றாள் கடைசியில். "எங்க படிச்சீங்க?"

சாவியை நான்தான் அவனிடம் கொடுத்தேன். அவள் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகும் மாலையானால் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

"நேரமாச்சுடீ."

"இன்னைக்கு லீவும்மா."

"யாரும் என்கிட்ட சொல்லலையே."

பையைக் கழற்ற மாட்டாள். கடைசியில் என்னை யாரென்று தெரியாதபோதும் லீவா என்று கேட்டாள். லீவு என்றேன்.

பை வாசல் ஆணியில் தொங்குகிறது. உள்ளே சாக்பீஸ் இருக்கிறது.