பாறையருகே நின்றவன்

நியூயார்க்கில் அந்தப் பெரிய பூங்காவை உண்டாக்கிக்கொண்டிருந்த காலம். பாறைக்கு வெடி வைக்கும் கூலியாட்களில் ஒருவன் மாலக்கி கெரட்டி. அயர்லாந்துக்காரன், கன்னங்கரேலென்று தாடி, ஊர்ப்பட்ட வாய். பூங்காவைப் படம் பிடிக்க வந்த டன்ஸ்டெட், பாறையின் உயரம் தெரியட்டுமென்று அவனைப் பக்கத்தில் நிறுத்தினார். அன்று வீட்டில் அவன் அடித்த தம்பட்டம் இருக்கிறதே!

"பன்னெண்டு எண்ணுற வரைக்கும் மூச்சு விடலடி, ஒனோரா. பாறை அசைஞ்சிருக்கும், நான் அசையல."

"அத்தன நேரம் அந்த வாய எப்பிடி மூடி வெச்சிருந்தே? அதச் சொல்லு மொதல்ல," என்றாள் அவன் பெண்டாட்டி.

மறுவாரம் வெடி முந்திக்கொண்டது. பிணத்தின் முகம் பார்க்க ஊர் கூடி உட்காருவது அயர்லாந்துக்காரர்கள் வழக்கம். மாலக்கிக்குப் பெட்டியை மூடியேதான் கொண்டுவந்தார்கள், பாவிகள். முகம் பார்க்காமலே ஒனோரா அவனைப் புதைத்தாள்.

மிச்சம் அந்த ஒரு படம்தான். அதைத் தேடியே டன்ஸ்டெட்டிடம் கண்ணாடி கழுவும் வேலைக்குப் போனாள். வாய்விட்டுக் கேட்டுத் தொலைத்திருக்கலாம். கேட்டால் விரட்டிவிடுவாரோ என்று பயம். அப்போதெல்லாம் படம் விழுவது கண்ணாடித் தகட்டில்; கழித்துப்போட்டவற்றைக் காரத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால், மறுபடி படம் பிடிக்கலாம். ஒவ்வொன்றையும் தொட்டியில் போடுமுன் ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். பாலம், குளம், கறுத்துக் கிடந்த வானம். கெட்டுப்போன படங்கள்தானே என்று நினைத்தாள். ஒன்றில் பாறையருகே யாரோ வெள்ளைத் தாடிக் கிழவன், முகமெல்லாம் கரி. அதையும் போட்டாள், நன்றாகத் தேய்த்தாள்.

பத்தாம் நாள், வெயிலில் கண்ணாடியோடு சேர்த்து வைத்திருந்த காகிதத்தை டன்ஸ்டெட் உரித்தெடுத்தார். கண்ணாடியில் கறுப்பாயிருந்த வானம் காகிதத்தில் வெளுத்திருந்தது.

"என்னங்கய்யா, தலைகீழா இருக்கு?"

"கண்ணாடியில கறுப்பு வெள்ளையா விழும், வெள்ளை கறுப்பா விழும். இதுகூடத் தெரியாமலா கழுவிட்டிருக்கே?"

ஒனோரா கழுவும் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப... பாறைகிட்ட நின்ன வெள்ளைத் தாடி?"

"அவன் கருந்தாடிக்காரன்மா. கூலிக்காரன் நிக்கிற படம் வேணாம்னு மேல சொல்லிட்டாங்க, கழிச்சுட்டேன். இதோ, அதே பாறைய ஆளில்லாம எடுத்தாச்சு. எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு!"

அவள் வாங்கிப் பார்த்தாள். பாறை இருந்தது. பக்கத்தில் புல் இருந்தது.

"என் வீட்டுக்காரர் மூச்சு விடாம நின்னாருங்கய்யா," என்றாள். "நான்தான் தேச்சேன்."