மாடி வீட்டு சாருக்கு இரண்டாவது வேலை

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். வீடு அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையை ஒட்டி இருக்கிறது. கீழே நாங்கள் இருக்கிறோம். மாடியை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். ஐந்தாவது வரை படித்தேன். அதற்கு மேல் பள்ளிக்கூடம் தூரம்.

இதை எழுதச் சொன்னது என் மகள். "நீ சொன்ன பொய்ய நீயே எழுதுப்பா" என்றாள். எழுதுகிறேன்.

அவள் இங்கிலீஷ் டீச்சர். பி.எட். முடித்து மூன்று வருஷம் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தாள். பிறகு கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கிடைத்தது. கல்யாணமும் அந்த ஊரிலேயே அமைந்தது. முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஏழு மாதம் ஆகியிருந்தது. லீவு கேட்க அவளை ஆட்டோவில் கூட்டிப்போனேன்.

பள்ளியின் கரஸ்பாண்டென்ட் முன்னால் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வாங்கி விற்றவர். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினார்.

"லீவு எடுத்துக்கம்மா, யாரு வேணான்னா? ஆனா பத்தாவது பசங்க கீறாங்க. மதியம் ரெண்டு பீரியட் உன்னுது. உன் எடத்துக்கு ஒரு ஆள நீயே கொண்டாந்து விடு. மூணு மாசம் ஓட்டிட்டா எடம் உன்னுது. இல்லன்னா நான் வேற டீச்சர போட்டுக்குவேன். அப்புறம் வந்து நின்னா நான் பொறுப்பில்ல."

"எப்பலேர்ந்து சார்?"

"கார்த்திகை தீபம் முடிஞ்சி வர்ற திங்கக்கிழமை."

திரும்பி வரும்போது பாதி வழியில் "போச்சுப்பா" என்றாள். ஸ்பீடு பிரேக்கர் வந்தது. மெதுவாக ஏற்றி இறக்கினேன்.

கூடப் படித்த இரண்டு பேரைக் கேட்டாள். ஒருத்தி ஓசூரில் இருந்தாள். இன்னொருத்தி, வந்தால் நிரந்தரமாகத்தான் வருவேன் என்றாள். மிச்சம் இருந்தவர் மாடியில் குடியிருந்த சார்.

அவர் அயர்லாந்துக்காரர். டவுனில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். தமிழைப் புத்தகத்தில் கற்றவர். பேசினால் பேப்பர் படிப்பதுபோல் இருக்கும். மகள் கேட்டதும் ஒத்துக்கொண்டார்.

"நான் செல்லத் தயார். ஆனால் அரசு அனுமதி வேண்டும்."

"மதியம் ரெண்டு பீரியடு சார். யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"யாரும் பார்க்காவிட்டாலும் வேண்டும்."

என் மனைவி என்னைப் பார்த்து, "இவரு இன்னாங்க, லூசா?" என்று கேட்டாள். அவருக்குத் தமிழ் தெரியும் என்பது அவளுக்கு அடிக்கடி மறந்துபோகும்.

"இல்லை அம்மா. விசா" என்றார் அவர்.

பாஸ்போர்ட்டை எடுத்துவந்து காட்டினார். அவருடைய விசா அந்த ஒரு பள்ளிக்குத்தானாம். வேறு இடத்தில் ஒரு நாள் வேலை செய்தாலும் தப்பாம். ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். நான் பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. சரி என்றேன்.

விண்ணப்பம் போட்டார். தங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று அவருடைய பள்ளியில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஆள் தேவை என்று கீழ்பென்னாத்தூரில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். இரண்டையும் நெட் சென்டரில் ஏற்றினார். "வீட்டுக்கு ஒருவர் விசாரிக்க வருவார்" என்றார். வரட்டும் என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். மலை சுற்றும் பாதையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடு விடும் எங்களிடம் ஒரு பதில் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் சுற்றுலா விசாவில் வருகிறவர்கள்தான். வந்த இடத்தில் ஒருத்தர் ரொட்டி சுட்டு விற்பார். ஒருத்தர் கை கால் பிடித்துவிடுவார். போலீஸ் வந்து என்ன செய்கிறார் என்று கேட்டால், வேலை எதுவும் இல்லை, சாமி கும்பிட வந்தவர் என்று சொல்லவேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. மாடியில் அறை கட்டும்போதே தெரிந்துவிடும். நான் பதினோரு வருஷமாகச் சொல்லிவந்தேன்.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போலீஸ்காரர் ஒருவர் கையில் ஃபைலோடு வந்தார்.

"மாடியில வெள்ளக்காரர் கீறாரா?"

"கீறாரு சார்."

"இன்னா பண்றாரு?"

"ஒண்ணும் பண்றதில்ல சார். சாமி கும்புடுவாரு. மலைய பாத்துக்கினு உக்காந்திருப்பாரு."

"வேலை கீலை?"

"வேலையா? அவரா? துணிய கூட அவரு தோய்க்கிறதில்ல சார்."

"இப்ப எங்க?"

சார் இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. "கோயிலுக்குப் போயிருக்காரு" என்றேன்.

"இந்நேரத்துக்கா?"

"பக்தி ஜாஸ்தி சார்."

அவர் எல்லாவற்றையும் எழுதினார். கையெழுத்து கேட்டார். போட்டேன். மோர் குடித்துவிட்டுப் போனார். என் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லா சொன்னீங்க" என்றாள்.

சார் வந்ததும் மாடிப்படியில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, நான் வேலை செய்வதில்லை என்று கூறினீர்களா?"

"ஆமா சார். ஒரு வேலையும் இல்லன்னு கரெக்டா சொல்லிட்டேன்."

"நான் இரண்டாவது வேலைக்கு அனுமதி கேட்டிருக்கிறேன்."

"ஆமா சார்."

"முதல் வேலையே இல்லை என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் மகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"கோயிலுக்குப் போயிருக்காருன்னு வேற சொன்னியாப்பா?"

"சொன்னேன்."

"மதியத்துல நடை சாத்தியிருக்கும்பா. அது போலீஸுக்குத் தெரியாதா?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவு அவள் சாப்பிடவில்லை. என் மனைவி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும்தான் நல்லா சொன்னீங்க என்றவள்.

மறுநாள் சாரை ஏற்றிக்கொண்டு போலீஸ் ஆபீசுக்குப் போனேன். வெளிநாட்டுக்காரர் விஷயம் பார்க்கிற அறையில் ஒரு அம்மா அதிகாரி இருந்தார். பக்கத்தில் மோர் குடித்தவர் நின்றிருந்தார்.

"வேலை இல்லன்னு நேத்து கையெழுத்து போட்டது நீங்கதான?"

"நான்தாம்மா."

"இன்னிக்கு இருக்குன்றீங்க."

"இருக்குதும்மா."

"எது பொய்?"

"நேத்து சொன்னது."

"ஏன் சொன்னீங்க?"

"எப்பவும் சொல்றதும்மா."

பேனாவைக் கீழே வைத்தார். "எப்பவுமா?"

சார் என் முழங்கையைத் தொட்டார். அதற்குள் பதினோரு வருஷம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா கம்ப்யூட்டரில் எதையோ பார்த்தார். "இவரு குடிவந்தப்ப நீங்க குடுத்த ஃபாரத்துல டீச்சர்னுதான போட்டிருக்கீங்க?"

"அது நெட் சென்டர்ல அடிச்சதும்மா. அவங்க உண்மைய அடிச்சிட்டாங்க போல."

அந்த அம்மா சிரிக்கவில்லை. மோர் குடித்தவர் சிரித்தார். "பக்தி ஜாஸ்தின்னாரு மேடம்."

ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து எழுதச் சொன்னார்கள். பன்னிரண்டு வரி எழுதினேன். ஒரு மணி நேரம் ஆனது. நான் சொன்னது பொய் என்று எழுதினேன். சார் வாத்தியார் என்று எழுதினேன். என் மகள் பிரசவத்துக்குப் போவதால் அவள் இடத்தில் மூன்று மாதம் பாடம் எடுக்கக் கேட்கிறார், அவர் வராவிட்டால் அவள் வேலை போய்விடும் என்று எழுதினேன். அந்த அம்மா இரண்டு தடவை படித்தார்.

"மறுபடி விசாரிக்கணும். ஆனா எல்லாரும் தீபம் பந்தோபஸ்துக்குப் போறாங்க. தீபம் முடிஞ்சிதான்."

"அது முடிஞ்ச திங்கக்கிழமையே பொண்ணுக்குக் கெடு முடியுதும்மா."

"உங்க பொண்ணுக்காக தீபத்த தள்ளி வைக்க முடியாதுங்க."

அதுவும் சரிதான்.

தீபத்துக்குப் பாதையில் ஆட்டோ விடமாட்டார்கள். நான்கு நாள் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் நின்றேன். கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் தெருமுனைத் தடுப்பில் டியூட்டிக்குப் போட்டது அந்த மோர் குடித்தவரைத்தான். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இன்னாய்யா, பக்தர் எப்படி கீறாரு?"

"பள்ளிக்கூடம் போயிருக்காரு சார்."

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அன்னிக்கே எழுதிக்கினு போயிருப்பேன்."

"ஆமா சார்."

தீபம் முடிந்த இரண்டாம் நாள் மகளுக்கு வலி வந்துவிட்டது. டாக்டர் சொன்னதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே வந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நன்றாக இருந்தார்கள். கட்டிலில் படுத்தபடியே, "பேப்பர் வந்துதாப்பா?" என்று கேட்டாள்.

"வரும்" என்றேன்.

திங்கட்கிழமை வந்தது. பேப்பர் வரவில்லை. மாடிக்குப் போனேன்.

"பாடம் நடத்த வேணாம் சார். சும்மா சேர்ல உக்காருங்க. உங்க ஒசரத்தப் பாத்தே பசங்க அமைதியா இருப்பாங்க."

"உட்கார்வதும் வேலைதான், ஐயா."

"என் பொண்ணு வேலை போவுது சார்."

"தெரியும்" என்றார். முகம் சிவந்திருந்தது.

இரண்டு நாள் நான் அவரிடம் பேசவில்லை. அது அவருக்குத் தெரிந்ததா என்று தெரியாது. நான் எப்போதும் பேசுவது கம்மி.

கரஸ்பாண்டென்ட்டிடம் நானே போய் நின்றேன்.

"இன்னும் ஒரு வாரம் குடுங்க சார்."

"மண்டியில கூட நான் இவ்ளோ வாய்தா குடுத்ததில்லய்யா."

"என் வாயால கெட்டுது சார். பொண்ணு மேல தப்பில்ல."

விரலால் மேஜையைத் தட்டினார். "வெள்ளக்காரர் வர்றாருன்னு பசங்களோட அப்பா அம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். வரலன்னா எனக்குத்தான் அசிங்கம். ஒரு வாரம். அதுவரைக்கும் ட்ரில் மாஸ்டர உக்கார வெக்கறேன்."

அந்த வாரமே மோர் குடித்தவர் மறுபடி வந்தார். இந்த முறை மோர் வேண்டாம் என்றார்.

"இன்னா பண்றாரு?"

"காலையில ஒரு பள்ளிக்கூடம் சார். மதியம் இன்னொண்ணுக்குப் போக பேப்பருக்குக் காத்துக்கினு கீறாரு."

"மலைய பாத்துக்கினு உக்காருவாரா?"

"நேரமில்ல சார்."

எழுதிக்கொண்டு போனார். ஒரு வாரம் முடிய ஒரு நாள் இருக்கும்போது அனுமதி வந்தது. சாரின் போனில் வந்தது. மூன்று மாதம். அந்தப் பள்ளி மட்டும். மதியம் மட்டும். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அவர் அதைப் பேப்பராக எடுத்து லேமினேட் செய்து பையில் வைத்துக்கொண்டார். நான் தினமும் கொண்டுபோய் விட்டேன்.

பாடம் நன்றாக நடத்தினார் என்று கேள்விப்பட்டேன். பையன்கள் அவரைப்போல் தமிழ் பேச ஆரம்பித்தார்களாம். இங்கிலீஷும் கொஞ்சம் வந்ததாம். இரண்டு மாதம் போனது. ஒரு நாள் பள்ளி வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். அடுத்த வருஷ அட்மிஷனுக்கு. நடுவில் சார் படம். கரஸ்பாண்டென்ட் படத்தைவிடப் பெரியது.

கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். அதற்கு முன் போட்டதில்லை.

"உன் பொண்ணு கைக்கொழந்தக்காரி. ஒரு வருஷம் ரெஸ்ட் எடுக்கட்டுமே."

"எடம் அவளுதுன்னு சொன்னீங்க சார்."

"சொன்னேன். இல்லன்னு சொல்லல. பேனர் அடிச்சிட்டனே."

வீட்டில் மகளிடம் சொல்லவில்லை. அவள் ராத்திரியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பத்தாவது பாடத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். மாடிக்குப் போய் சாரிடம் சொன்னேன்.

"இன்னும் கொஞ்ச மாசம் வேணும்னு கேட்டா குடுப்பாங்களா சார்?"

"கொடுக்கலாம்."

"நீங்க கேட்டா என் பொண்ணு எடம் போயிடும் சார். கேப்பீங்களா?"

அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, "எதற்கு?" என்றார்.

கடைசி வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கரஸ்பாண்டென்ட் அறைக்குப் போனார். நானும் போய்க் கதவோரம் நின்றேன். லேமினேட் செய்த பேப்பரை மேஜையில் வைத்தார்.

"இன்றுடன் முடிகிறது."

"நீட்டிக்கலாம் சார். எனக்கு ஆளுங்க கீறாங்க."

"விண்ணப்பிக்க வேண்டியது நான். நான் விண்ணப்பிக்கப் போவதில்லை."

"சரி, நாளைக்கு ஒரு நாள். பேரன்ட்ஸ் மீட்டிங். சும்மா வந்து நில்லுங்க, போதும்."

"நாளை உங்கள் பள்ளியில் நின்றால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பேனரும் வீணாகும்."

கரஸ்பாண்டென்ட் என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன்யா."

"நான் சொன்னா எல்லாம் தப்பாப் போவுது சார்" என்றேன்.

பேப்பரை எடுத்துத் தேதியைப் பார்த்தார். பிறகு, "திங்கக்கிழமை உன் பொண்ண வரச்சொல்லு. மொத மணிக்கே வரணும்" என்றார்.

திங்கட்கிழமை மகளைக் கொண்டுபோய் விட்டேன். குழந்தை என் மனைவியிடம் இருந்தது. சாயங்காலம் திரும்பக் கூட்டிவந்தேன். பாதி வழியில் நான்தான் கேட்டேன்.

"பசங்க இன்னா சொன்னாங்க?"

"சார் எப்ப வருவாருன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"வரமாட்டாரு, நோட்ட எடுங்கன்னேன்."

"எடுத்தாங்களா?"

"எடுக்காம?"

வீட்டு வாசலில் இறங்கினாள். குழந்தை அழும் சத்தம் கேட்டது. நோட்டுக் கட்டை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள்.