ஜெட் துளைக்குள் ஒரு செம்பு இழை

இன்று காலை எங்கள் தெருவில் மின்கம்பியை உரசிக்கொண்டிருந்த வேப்பங்கிளையை வெட்ட இரண்டு பேர் வந்தார்கள். கையில் பெட்ரோலில் ஓடும் ரம்பம். கயிற்றை இழுத்ததும் அது இரண்டு தரம் இருமிவிட்டு நீலப் புகையைக் கக்கியது. மனைவி ஜன்னலைச் சாத்தினாள். நான் திறந்தேன். அவள் மறுபடி சாத்தினாள்.

"ஊரே மூக்கைப் பொத்திக்கினு போகுது. நீங்க என்னாங்க, புகையைக் கூப்ட்டு உள்ள வுடுறீங்க?"

பெட்ரோலும் ஆயிலும் கலந்து எரிகிற வாசனை அது. இப்போதைய வண்டிகளில் அது கிடையாது. பழைய மொபெட், ஸ்கூட்டர் ஓட்டியவர் என்றால் உங்களுக்கும் மூக்கில் எங்கோ ஒரு மூலையில் அது மிச்சமிருக்கும். பலருக்கு அந்த வாசனையில் கல்லூரி நினைவு வரும், கல்யாணத்துக்கு முந்தைய காலம் நினைவு வரும். எனக்குக் கோபம் வருகிறது. முப்பது வருடம் ஆகப்போகிறது, இன்னும் முதலில் வருவது அதுதான்.

அப்போது மரக்காணத்துக்கு வடக்கே ஓர் உப்பளத்தில் எனக்கு சூப்பர்வைசர் வேலை. பட்டம் பெரிதாக இருந்தாலும், தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பாத்திகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. தொழிலாளர்கள் விடியும் முன் வந்து உப்பு வாரிக் குவித்துவிட்டு, வெயில் ஏறும்போது, பதினொரு மணி வாக்கில், வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு அளத்தில் நானும் வெயிலும் மட்டும். சித்திரை, வைகாசியில் மூன்று மணிக்கு மேல் திண்டிவனம் பக்கம் வானம் கறுத்தால் என் உண்மையான வேலை ஆரம்பிக்கும். அன்றைக்குக் கைப்பேசி கிடையாது. ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்கு நான் ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட வேண்டும். முதலில் கையில் கிடைக்கிற இரண்டு பேரை வண்டியிலேயே ஏற்றிவந்து உப்புக் குவியலின் மேல் கீற்றைப் பரப்ப வேண்டும். மற்றவர்கள் சைக்கிளிலும் நடந்தும் வந்து சேர்வார்கள். முதலாளி வருடாவருடம் ஆளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பாத்தியில் வாரி, மூட்டையில் ஏறிய உப்புக்குத்தான் கூலி. குவியலாக இருக்கும்போது கரைந்தால் அது யாரும் செய்யாத வேலை என்று பொருள்.

இதற்காக முதலாளி கொடுத்தது அறுபது சி.சி. ஸ்கூட்டர் ஒன்று. கியர் இல்லாதது, வெளிர் பச்சை நிறம், உப்புக் காற்றில் மட்கார்டு அப்பளம்போல் பொரிந்திருக்கும். நான் மட்டும் ஏறினால் ஏதோ போகும். பின்னால் அளத்தில் உப்பு வாரும் அஞ்சலை அக்காவும் அவர் புருஷன் முருகேசனும் ஏறினால், வேகமெடுக்க யோசித்து யோசித்து, மணல் கண்ட இடத்தில் நின்றுவிடும்.

"ஏம்பா, நாங்க எறங்கி நடக்கறோம். நீ வண்டியத் தள்ளிக்கினு பின்னாடி வா" என்பார் முருகேசன்.

எனக்கு எதையும் எழுதிவைக்கும் பழக்கம். பல் தேய்க்கிற பிரஷ்ஷை மாற்றிய நாள்கூட என் டைரியில் இருக்கும். கேலி செய்யாதீர்கள், மனைவி செய்வதே போதும். கொட்டகையிலிருந்து ஊர்ப் பம்புசெட் வரை பதினோரு நிமிடம் இருபது விநாடி, இருவரோடு திரும்பி வர பதினான்கு நிமிடம் என்று முதல் பக்கத்தில் எழுதினேன். மழையோ, மேகம் கண்டதிலிருந்து பல நாட்களில் அரைமணிகூடக் கொடுக்காது. ஆகவே வண்டியைச் சரிசெய்வது என்று முடிவெடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டு அருகே சலீம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். என் வயதுக்காரன், என்னோடு பள்ளியில் படித்தவன், எதற்கும் வாய்ச்சண்டை போடாமல் வேலை செய்யத் தெரியாதவன்.

"டேய், இது வண்டி இல்ல, தையல் மிஷின். இதுல ஸ்பீடு வேணுமா உனக்கு?"

"ஸ்பீடு வேணாம்டா. பிக்கப் வேணும்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. எனக்கு ரோட்டுல பறக்க வேணாம். மணல்ல மூணு பேரோட நகரணும், அவ்ளோதான்."

இந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்று அவன் ஒப்புக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தான். டைரியில் அதுவும் இருக்கிறது.

வேலை மூன்று வாரம் நடந்தது. சைலன்சரைக் கழற்றி, பனையோலைத் தீயில் போட்டு, உள்ளே படிந்திருந்த கரியைத் தட்டி எடுத்தோம். பெல்ட் ஓடுகிற சக்கரத்துக்குள் ஆறு சிறு உருளைகள் இருக்கும், அவற்றின் எடையைக் குறைத்தால் என்ஜின் நன்றாகச் சுழன்ற பிறகே வண்டி வேகத்துக்கு மாறும், பாரத்தோடு எழுந்து போகும். ஆறும் ஒரே எடையாக இருக்க வேண்டும் என்று சலீம் சொன்னதைக் கேட்டு நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது என்னா, தாலியில கோக்குறதா?"

தராசில் வைத்துத் தேய்த்து, மறுபடி வைத்துத் தேய்த்து, ஆறையும் சமமாக்கினேன். கடைசியாக ஜெட். கார்ப்ரேட்டருக்குள் இருக்கும் சுண்டுவிரல் நகமளவு பித்தளைத் திருகு அது. நடுவில் ஊசித் துளை. என்ஜின் குடிக்கிற பெட்ரோல் முழுக்க அந்தத் துளை வழியாகத்தான் போக வேண்டும். ஒரு சுற்று பெரிய துளை உள்ளதைப் போட்டான் சலீம். போட்டுவிட்டு என்னிடம் ஒன்று சொன்னான்: "பிளக்கைக் கழட்டிக் கழட்டிப் பாரு. காப்பிப் பொடி கலர்ல இருந்தா வண்டி சந்தோஷமா இருக்குதுன்னு அர்த்தம். வெள்ளையாயிடுச்சுன்னா பட்டினின்னு அர்த்தம். பட்டினியில ஓட்டினா பிஸ்டன் புடிச்சுக்கும்."

ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு பிளக்கைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். எல்லா ஞாயிறும் காப்பிப் பொடி. போக எட்டு நிமிடம் ஐந்து விநாடி. இருவரோடு வர பத்து நிமிடம். இரண்டு மழைகளை நாங்கள் ஜெயித்தோம். அஞ்சலை அக்கா எனக்கு 'ஸ்பீடு தம்பி' என்று பெயர் வைத்தார்.

முதலாளிக்கு மட்டும் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது என்ற குறை. அவர் கெட்டவர் என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை. பரம்பரையாக உப்புக்காரர். உலகத்தில் ஓடுகிற எதுவும் அவருக்கு வாய்க்கால்தான். ஜெட் என்றால் என்ன என்று கேட்டார், சொன்னேன். தலையாட்டினார்.

"மடை வாய் பெருசா இருந்தா தண்ணி வீணாத்தான் போவும். வாயைக் குறுக்கினா தண்ணி மிச்சம். இதுக்கு எஞ்சினியர் படிப்பு எதுக்கு?"

இல்லை, இது வேறு என்று அரைமணி விளக்கினேன். கடல் தண்ணீரோடு ஆயில் கலந்து வருவதில்லை. இந்த வண்டியில் பெட்ரோலோடுதான் ஆயிலும் உள்ளே போகிறது, பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் கேட்டுக்கொண்ட விதத்தை இன்று நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

ஒரு செவ்வாய், புதன் இரண்டு நாள் உறவுக்காரக் கல்யாணத்துக்கு விடுப்பில் போனேன். வியாழன் மதியம் மேற்கே வானம் மை கொட்டியதுபோல் இருந்தது. மறுநாள் லாரி வருவதாக இருந்ததால் குவியலைக் காயவிட்டுக் கீற்றை எல்லாம் எடுத்து அடுக்கியிருந்தார்கள். நாற்பது நாள் வாரிய உப்பு. வண்டியை உதைத்துக் கிளம்பினேன். ஊர் போய்ச் சேர ஒன்பது நிமிடம். ஒரு நிமிடம் எங்கே போனது என்று யோசித்தேன், எதிர்க்காற்று என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அஞ்சலை அக்காவும் முருகேசனும் ஓடிவந்து ஏறினார்கள். முழு வேகம் வைத்தேன். மணல் மேட்டில் ஏறும்போது தாயைக் காணாத கன்றுபோல் ஒரு கத்தல், பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. மூன்று பேரும் மணலில் கிடந்தோம்.

"வாயைப் பொளந்துக்கினு பாக்காத தம்பி, ஓடு!" என்று அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். பாதி வழியில் மழை எங்களைக் கடந்து முன்னால் போயிற்று. மழை முன்னால் ஓடுவதைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாத்திகளில் பூத்திருந்த உப்பு ஒன்றுமே இல்லை. குவியலில் பாதிக்குமேல் வரப்பு வழியாக வெள்ளையாக வடிந்துகொண்டிருந்தது. அக்கா அதைக் கையால் அணைபோட்டுத் தடுக்கப் பார்த்தார்.

அன்று மாலையே முதலாளி எல்லோரிடமும் சொல்லிவிட்டார்: "நல்லா ஓடினு இருந்த வண்டி. பந்தயம் வுடறவன் மாதிரி நோண்டி நோண்டி, கெடுத்துட்டான். போச்சு உங்க உப்பு." நான் அதை நம்பினேன். அதுதான் கொடுமை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் சலீம் கார்ப்ரேட்டரைப் பிரித்து ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். என்னிடம் நீட்டினான். ஊசித் துளைக்குள் முடிபோல் மெல்லிய செம்பு இழை. கரண்டு ஒயரிலிருந்து உரித்தது.

"அல்லா மேல ஆணையா இது நான் வெச்சதில்லடா. எவனோ மடை வாயைக் குறுக்கியிருக்கான்." முதலாளி சொன்ன மடைக் கதையை அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். சுண்ணாம்பு வெள்ளை. ஞாயிறு வரும்வரை நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். ஒழுங்கான ஆள் அல்லவா.

"நானும் வரேன்" என்றான் சலீம். ஆதாரம் கையில் இருக்கும்போது சாட்சி எதற்கு என்றேன்.

கொட்டகையில் முதலாளியிடம் ஜெட்டைக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. "ஆமா, நான்தான் வெச்சேன். என் வண்டி" என்றார். பிறகு, "வா, அவங்க முன்னாடியே பேசிடலாம்" என்று எழுந்தார். எனக்கு அவர் மேல் மரியாதைகூட வந்தது. அவர் முன்னால் போனார். வாசலில் ஒரு கணம் நின்றார். நான் பார்த்தது முதுகைத்தான். வெளியே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், வாசலுக்கு நேரெதிரே அஞ்சலை அக்கா.

"ஜெட்டுக்குள்ள ஏதோ அடைச்சிருக்குதுன்னு சொல்றான். நீயே பாத்துச் சொல்லு அஞ்சல."

அக்கா ஜெட்டை வாங்கிக் கண்ணருகே வைத்து மேலே பார்த்தார்.

"வானம் தெரியுது மொதலாளி" என்றார்.

"இல்ல, இழை இருந்துச்சு! இப்பதான் அவரே சொன்னாரு!" என்று கத்தினேன். யாரோ சிரித்தார்கள். "ஸ்பீடு தம்பிக்கு வாயும் ஸ்பீடுதான்" என்றார் ஒருவர். சட்டைப் பொத்தானுக்குப் பதிலாக முதலாளி குத்தியிருந்த ஊக்கு திறந்து தொங்கியதை நான் கவனித்தது அதற்கப்புறம்தான். அந்த வாரமே வேலையை விட்டுத் திண்டிவனத்தில் ஓர் ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டேன். சலீம் அதே வருடம் துபாய் போய்விட்டான்.

இத்தனை வருடமும் என் கோபம் மிக ஒழுங்கானது. முதலாளிமேல் ஒரு பங்கு, என்மேல் ஒரு பங்கு, என்னை நம்பாத அஞ்சலை அக்காமேல் சின்னதாக ஒரு பங்கு. போன மாதம் அந்தப் பங்கீடும் குலைந்தது. மரக்காணம் ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கிழவி திரும்பிப் பார்த்து, "ஸ்பீடு தம்பி தான?" என்றார். முருகேசன் போய்ச் சேர்ந்துவிட்டாராம். நலம் விசாரித்து முடிப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். டைரியில் எல்லாம் இருக்கிறது, செவ்வாய், புதன் நான் ஊரிலேயே இல்லை, பிளக் வெள்ளையாக இருந்தது என்று வரிசையில் நின்றபடியே வழக்காடினேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனுக்குத் தெரியும் தம்பி. வாசப்படியில நின்னு ஊக்கால குத்தி எடுத்து ஊதினாரே, நான்தான் எதிர்ல குந்தினு இருந்தேன்."

"அப்புறம் ஏங்கா வானம் தெரியுதுன்னு சொன்னீங்க?"

"தெரிஞ்சுது, சொன்னேன். உன் பக்கம் பேசியிருந்தா அடுத்த வருசம் பாத்தி எவன் குடுப்பான்? உப்பும் போச்சு, பாத்தியும் போவணுமா?" என்று மாத்திரைச் சீட்டை விசிறிக்கொண்டார். "நீ டிண்டிவனத்துல போயி நாற்காலில குந்திக்கின. உனுக்குக் கோவம் கட்டுபடியாச்சு."

வரிசை நகர்ந்தது. அக்கா மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, வரேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு எதன் மீதோ. நாற்பது நாள் உழைப்பைப் பறிகொடுத்தவளையே பொய்ச்சாட்சி சொல்லவைத்து, அதற்கு நன்றியும் எதிர்பார்த்த ஏற்பாடு ஒன்று அந்தக் கொட்டகையில் இருந்தது. நான் அதில் சூப்பர்வைசர். என் நேர்மைக்கு வந்த களங்கத்தைப் பற்றி மட்டும் முப்பது வருடம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தப் பொய்யும் அக்காவுக்கு அதிக நாள் உதவவில்லை. இரண்டே பருவம் பாத்தி கிடைத்தது. மூன்றாம் வருடம் முதலாளி அளத்தை இறால் குட்டைக்கு விட்டார். குட்டையில் நோய் விழுந்ததும் மண் அடித்து மேடாக்கி மனை போட்டார். இப்போது போனால் வரப்பு எது, மடை எது என்று கண்டுபிடிக்க முடியாது. எண் எழுதிய கற்கள் நட்டிருக்கின்றன, வீடு ஒன்றுகூட வரவில்லை. சித்திரையில் மேற்கே கறுத்தால் அங்கிருந்து யாரும் ஊருக்கு ஓடுவதில்லை. மழை அதன் பாட்டுக்கு வந்து பெய்துவிட்டுப் போகிறது. கரைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.